பதினாறு வருடக் காத்திருப்பும் ஒரு முன்கதையும்: ‘ஃபாண்டம் மெனஸ்’ ரசிகர்களைக் கோபப்படுத்தியது ஏன்?

1977-ல் வந்த முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில், பாலைவனக் கிரகம் ஒன்றில் தனியாக வாழும் ஓபி-வான் கெனோபி என்ற கிழவர், லூக் என்ற இளைஞனிடம் அவனுடைய அப்பாவைப் பற்றிப் பேசுகிறார். பேச்சு மொத்தமே சில வரிகள். உன் அப்பா இந்த விண்மீன் மண்டலத்திலேயே கெட்டிக்கார விண்கல ஓட்டி. சூட்சுமமான போர்வீரர். எனக்கு நல்ல நண்பர். நாங்கள் இருவரும் நீதியைக் காக்கும் ஜெடாய் வீரர்கள், குளோன் போர்களில் சண்டை போட்டவர்கள். என்னிடம் பயின்ற டார்த் வேடர் என்ற இளைஞன் தீமையின் பக்கம் போய் உன் அப்பாவைக் கொன்றுவிட்டான். அவ்வளவுதான். 1980-ல் வந்த இரண்டாவது படம், அந்த வேடர்தான் அந்த அப்பா என்று சொல்லி இந்த வரிகளைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது. 1983-ல் மூன்றாவது படத்தோடு கதை முடிந்தது.

இந்த மூன்று படங்களுக்கும் முன்கதையாக 1999 மே மாதம் வெளியான ‘தி ஃபாண்டம் மெனஸ்’ படத்தின் மீது எழுந்த கோபத்துக்கு வேர் இந்தச் சில வரிகளில் இருக்கிறது. ஒரு கதையின் அடுத்த பாகத்தைப் பார்க்கப் போகிறவருக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. முன்கதை பார்க்கப் போகிறவருக்கு முடிவு தெரியும். யார் பிழைப்பார், யார் கெட்டுப்போவார் என்பதெல்லாம் தெரியும். தெரியாத இடங்களை அவரே நிரப்பி வைத்திருப்பார். குளோன் போர்கள் எப்படி இருந்திருக்கும்? அந்த நண்பர்கள் இருவரும் தோளோடு தோள் நின்று எப்படிச் சண்டை போட்டிருப்பார்கள்? பத்து வயதில் இந்தக் கேள்விகளோடு தியேட்டரை விட்டு வெளியே வந்த பிள்ளைகள், முப்பதை நெருங்கும்வரை அவற்றுக்கு விடை சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1994 நவம்பரில், ஸ்டார் வார்ஸை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் முன்கதையை எழுத உட்கார்ந்தபோது, ஒவ்வொரு ரசிகரின் மனதிலும் அந்தப் படம் ஏற்கெனவே ஓடி முடிந்திருந்தது. அவர் எடுத்த படம் போட்டி போட வேண்டியிருந்தது அவற்றோடுதான்.

நடுவில் இருந்த வருடங்கள் சும்மா போகவில்லை. 1991-ல் டிமதி சான் எழுதிய தொடர் நாவல் ஒன்று, 1983-க்குப் பிறகான கதையைச் சொல்லி விற்பனையில் பெரிய வெற்றி பெற்றது. அதன் பின்னால் நாவல்களும் காமிக்ஸ்களும் வீடியோ கேம்களும் வரிசைகட்டின. 1997-ல் பழைய மூன்று படங்களையும் புது கிராஃபிக்ஸ் சேர்த்து லூகாஸ் மறுபடி வெளியிட்டார். கூட்டம் அலைமோதியது. ஆனால் முதல் உரசலும் அங்கேதான். பழைய படத்தில் கடத்தல்காரன் ஹான் சோலோ, தன்னைப் பிடிக்க வந்த கூலியாளை மேசைக்கு அடியிலிருந்து முந்திக்கொண்டு சுட்டுவிடுவான். புதுப் பதிப்பில் எதிராளி முதலில் சுட்டுக் குறி தவறுவதாக மாற்றியிருந்தார்கள். ஹானைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டுவதற்காக. சில நொடிக் காட்சிதான், ஆனால் பலருக்கு அது முள்ளாகத் தைத்தது. ‘இது என் படம், மாற்ற எனக்கு உரிமை உண்டு’ என்று படைத்தவர் நினைக்கிறார். ‘இது என் பால்யம்’ என்று ரசிகர் நினைக்கிறார். 1999-க்கு இரண்டு வருடம் முன்பே சண்டைக்கான அடுப்பு பற்றவைக்கப்பட்டுவிட்டது.

எதிர்பார்ப்பு எந்த அளவுக்கு இருந்தது என்பதற்கு ட்ரெய்லரே சாட்சி. 1998 நவம்பரில் அமெரிக்காவில் சில தியேட்டர்களில் மட்டும் அது காட்டப்பட்டபோது, முழுப் படத்துக்கு டிக்கெட் வாங்கி, ட்ரெய்லரை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போனவர்கள் இருந்தார்கள். 1999 மார்ச்சில் இரண்டாவது ட்ரெய்லர் இணையத்தில் வந்தது. டயல்-அப் இணைப்பில் மணிக்கணக்காகக் காத்திருந்து அதை இறக்கினார்கள். ஏப்ரலில், படம் வர ஆறு வாரம் இருக்கும்போதே ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டர் வாசலில் ரசிகர்கள் முறைபோட்டு வரிசையில் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள்.

முதல் நாளே எல்லோரும் படத்தை வெறுத்தார்கள் என்று இன்று பேசப்படுவது சரியல்ல. மே 19 அன்று அமெரிக்காவில் மட்டும் 2.85 கோடி டாலர் வசூல். அன்றைக்கு அது சாதனை. தியேட்டரிலேயே பார்வையாளர்களிடம் மதிப்பெண் கேட்கும் சினிமாஸ்கோர் நிறுவனத்தின் கணக்கில் படத்துக்கு ‘ஏ மைனஸ்’ கிடைத்தது. பத்திரிகை விமர்சனங்களில் குறை சொன்னவை நிறைய இருந்தாலும், பிரபல விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்குக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுத்தார். சுமார் 11.5 கோடி டாலரில் எடுத்த படம் அந்த வருடமே உலகம் முழுக்க 92 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. பிடிக்காத படத்துக்கு இப்படிக் கூட்டம் வராது. பல ரசிகர்களின் ஏமாற்றம் மெதுவாகத்தான் வந்தது. முதல் தடவை பார்க்கும்போது, இத்தனை வருடம் கழித்து அந்த இசையும் அந்த மஞ்சள் எழுத்துகளும் திரையில் ஏறிய சந்தோஷமே போதுமானதாக இருந்தது. இரண்டாவது, மூன்றாவது தடவை பார்க்கும்போதுதான் ‘இது என்ன?’ என்ற கேள்வி மேலே வந்தது.

அந்தக் கேள்விகளில் முதலாவது, சிறுவன். கிழவர் ஓபி-வானின் வாய்மொழிப்படி, லூக்கின் அப்பாவை அவர் முதலில் சந்தித்தபோதே அவர் பெரிய விண்கல ஓட்டி. ரசிகர்கள் மனதில் இருந்தது கட்டிளங்காளை. திரையில் வந்தவன் ஒன்பது வயது அடிமைச் சிறுவன் அனகின். அவனும் ஏறக்குறைய அரை மணி நேரம் கழித்துத்தான் வருகிறான். அவனைக் கண்டுபிடிப்பவர் ஓபி-வான்கூட இல்லை, அவருடைய குரு குவை-கான் ஜின். இரண்டாம் படத்தில் ஓபி-வான் தன்னைப் பயிற்றுவித்தவர் என்று யோடா என்ற வயதான ஜெடாய் குருவைத்தானே சொன்னார்? இப்படிப் பழைய வசனங்களோடு முட்டும் இடங்களை ரசிகர்கள் வரிசையாக எடுத்துவைத்தார்கள். விளக்கவே முடியாத முரண்கள் அல்ல இவை. யோடா எல்லாக் குழந்தைகளுக்கும் ஆரம்பப் பாடம் நடத்துபவர் என்று அடுத்த படம் காட்டியது. ஆனாலும் மூலக்கதையின் இதயமான அந்த நட்பு, முன்கதையின் முதல் படத்தில் தொடங்கவே இல்லை என்பது உண்மையான குறை. ஓபி-வானும் அனகினும் இதில் சேர்ந்து பேசும் காட்சிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இரண்டாவது, ரத்தப் பரிசோதனை. அனகின் கலந்துகொள்ளும் பாட்ரேஸ் பந்தயத்துக்கு முந்தின இரவு, குவை-கான் சிறுவனின் காயத்தைத் துடைத்துச் சுத்தம் செய்கிறார். ஒரு துளி ரத்தத்தை எடுத்துத் தன் கருவி வழியாகக் கப்பலில் இருக்கும் ஓபி-வானுக்கு அனுப்புகிறார். ஓபி-வான் எண்ணைப் படிக்கிறார்: ஜெடாய்களின் சக்தியான ஃபோர்ஸோடு உடலை இணைக்கும் மிடிக்ளோரியன் என்ற நுண்ணுயிர்கள் இருபதாயிரத்துக்கு மேல், யோடாவுக்குக்கூட அவ்வளவு கிடையாது. இந்த ஒரு நிமிடக் காட்சியைப் போல ரசிகர்களைக் காயப்படுத்தியது வேறு இல்லை. ஃபோர்ஸ் என்பது எல்லா உயிர்களிலிருந்தும் பிறந்து, நம்மைச் சூழ்ந்து, உலகைப் பிணைத்து நிற்கும் ஆற்றல் என்று 1977-ல் கேட்டவர்கள் அதைக் கிட்டத்தட்ட ஓர் ஆன்மிகமாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடி மனதைக் குவித்தால் தனக்கும் வாய்க்கலாம் என்று வீட்டுக் கொல்லையில் கையை நீட்டிப் பார்க்காத பிள்ளை அந்தத் தலைமுறையில் குறைவு. அதைத்தான் ஆய்வுக்கூடத்தில் அளக்கும் அணுக்கணக்காக இந்தக் காட்சி மாற்றியது. உனக்கு இருக்கிறதா இல்லையா என்பதை உன் முயற்சி தீர்மானிக்காது, உன் ரத்தம் தீர்மானிக்கும்.

இந்தக் கோபம் எனக்கு நன்றாகப் புரிகிறது, ஆனால் முழு நியாயம் அதில் இல்லை. ஃபோர்ஸ் ரத்த வழியில் வருவது என்ற எண்ணத்தை 1983 படமே விதைத்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் ஃபோர்ஸ் வலுவாக இருக்கிறது, அப்பாவுக்கு உண்டு, எனக்கு உண்டு, என் தங்கைக்கும் உண்டு என்று லூக் அங்கே வாய்திறந்தே சொல்கிறான். அன்றைக்கு யாரும் கொதிக்கவில்லை. குடும்பம் என்று சொன்னபோது கதையாக இருந்தது. எண்ணாகச் சொன்னபோது கணக்காகிவிட்டது. பிழை கருத்தில் இல்லை, சொன்ன விதத்தில்.

மூன்றாவது ஜார் ஜார் பிங்க்ஸ். நீண்ட காது, தத்தக்கா பித்தக்கா நடை, எதைத் தொட்டாலும் கவிழ்க்கும் கை. குழந்தைகள் சிரிக்க வேண்டும் என்று வைத்த பாத்திரம். முப்பது வயது ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அவன் பேசும் விதத்தில் கரீபியக் கறுப்பின மக்களைக் கேலி செய்யும் பழைய ஹாலிவுட் வழக்கம் தெரிகிறது என்றும், வில்லன்களாக வரும் வணிகக் கூட்டமைப்பினர் ஆசியர்களின் கேலிச்சித்திரம் போல இருக்கிறார்கள் என்றும், வாட்டோ என்ற கடைக்காரன் யூதர்களைப் பற்றிய பழைய அவதூறை நினைவூட்டுகிறான் என்றும் கடுமையான விமர்சனங்கள் வந்தன. லூகாஸ் தரப்பு மறுத்தது. உள்நோக்கம் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், அந்தக் குரல்கள் காதில் உறுத்துவது உண்மை. அதைச் சுட்டிக்காட்டியவர்கள் மிகைப்படுத்தவில்லை.

ஆனால் ரசிகர்களின் வெறுப்பு இந்த விமர்சனத்தின் பாதையில் போகவில்லை. அது நடிகரின் மேல் விழுந்தது. ஜார் ஜாராக நடித்த அகமது பெஸ்ட், ‘ஸ்டாம்ப்’ என்ற தாள நிகழ்ச்சியின் மேடையிலிருந்து தேர்வு செய்யப்பட்ட இருபத்துச் சொச்ச வயது இளைஞர். உடையும் தலைக்கவசமும் அணிந்து மற்ற நடிகர்களோடு நின்று நடித்து, பிறகு அசைவுப் பதிவுக் கூடத்தில் அதே நடிப்பை மறுபடி தந்தவர். உயிருள்ள நடிகரின் உடல்மொழியைக் கொண்டு ஒரு முழுக் கணினிப் பாத்திரத்தைப் படம் நெடுகக் கொண்டுபோன முன்னோடிகளில் ஒருவர். இதே வழியில் மூன்று வருடம் கழித்து ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ தொடரில் வந்த கோலம் பாத்திரத்துக்கு உலகம் எழுந்து நின்று கைதட்டியது. பெஸ்ட்டுக்குக் கிடைத்தது மோசமான துணை நடிகருக்கான ‘ராஸி’ கேலி விருது. 2018-ல் அவர் தன் மகனோடு புரூக்ளின் பாலத்தில் நிற்கும் படத்தைப் பகிர்ந்து, ஏறக்குறைய இருபது வருடம் முன்பு இதே இடத்தில் உயிரை விட்டுவிடலாமா என்று நின்றதாக எழுதினார். அனகினாக நடித்த ஜேக் லாய்ட் படப்பிடிப்பின்போது எட்டு வயதுப் பையன். அவனையும் விடவில்லை. பள்ளியில் சக மாணவர்களின் கேலியைப் பற்றிப் பின்னாளில் அவர் பேசியிருக்கிறார். ஒரு படம் பிடிக்கவில்லை என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. எழுதியவரும் இயக்கியவரும் வேறொருவர் என்று தெரிந்திருந்தும் ஒரு குழந்தையையும் ஓர் இளைஞரையும் வேட்டையாடியதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

சரி, எழுதி இயக்கியவரிடம் வருவோம். 1980 படத்தை இயக்கியவர் இர்வின் கெர்ஷ்னர். திரைக்கதையில் லீ பிராக்கெட்டும் லாரன்ஸ் காஸ்டனும் இருந்தார்கள். லூகாஸின் கதைக்கு வேறு கைகள் உருவம் கொடுத்தன. முன்கதையில் எழுத்து, இயக்கம், பணம் மூன்றும் அவருடையவையே. இயக்கச் சொல்லித் தன்னையும் ராபர்ட் செமகிஸையும் ஸ்பீல்பர்க்கையும் அவர் அணுகியதாக ரான் ஹவர்ட் பின்னாளில் சொன்னார்; நீங்களே செய்யுங்கள் என்றுதான் மூவரும் சொன்னார்களாம். படத்தின் டிவிடியோடு வந்த ஆவணப்படத்தில், முதல் தொகுப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு லூகாஸும் குழுவும் பேசும் இடம் ஒன்று உண்டு. அறையில் யாருக்கும் முகத்தில் தெளிவு இல்லை. ஒன்றரை நிமிடத்துக்குள் ஒரு வீரனின் சாவு, தப்பித்தல், நகைச்சுவை, சிறுவனின் திரும்பல் என்று உணர்ச்சி தாவிக்கொண்டே இருப்பதைப் படத்தொகுப்பாளர் பென் பர்ட் நயமாகச் சொல்கிறார். சில இடங்களில் கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டேனோ என்று லூகாஸே ஒத்துக்கொள்கிறார்.

அவர்கள் பேசுவது இறுதிப் போரைப் பற்றி. அதில் நான்கு சண்டைகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன: புல்வெளியில் ஜார் ஜாரின் கூட்டம், அரண்மனைக்குள் ராணி, விண்வெளியில் சிறுவன், மின்நிலையத்தில் ஒளிவாள் சண்டை. 1983 படத்தில் மூன்று ஓடின. அங்கே ஒன்றில் தோற்றால் மற்ற இரண்டும் தோற்கும் என்று நமக்குத் தெரியும். இங்கே சிறுவன் தற்செயலாகப் பொத்தான்களை அழுத்தி எதிரிக் கப்பலைத் தகர்க்கிறான்; ஜார் ஜார் தற்செயலாக வெடிகுண்டுகளை உருட்டி எதிரிகளை வீழ்த்துகிறான். நான்கில் இரண்டு தற்செயல் என்றால், மற்ற இரண்டில் யாராவது ரத்தம் சிந்தும்போது மனம் எப்படி அங்கே போய் நிற்கும்?

அப்படியும் அந்த ஒளிவாள் சண்டை நிற்கிறது. சிவப்பு ஒளிக்கதவுகள் சட்டென்று மூடி, மூவரையும் பிரிக்கின்றன. எதிரியான டார்த் மால் கூண்டுப் புலி போல இங்கும் அங்கும் நடக்கிறான், வாளின் நுனியால் கதவைத் தொட்டுப் பார்க்கிறான். குவை-கான் வாளை அணைத்து, மண்டியிட்டு, கண்ணை மூடுகிறார். வெகு பின்னால் ஓபி-வான் துடித்துக்கொண்டு நிற்கிறான். ஒரு வசனம் இல்லை. மூன்று பேர் யார் யார் என்று மூன்று உடல்களே சொல்லிவிடுகின்றன. ஜான் வில்லியம்ஸ் இதற்கு எழுதிய கூட்டுப்பாடலின் சொற்கள் சமஸ்கிருதம். மரங்களின் போரைப் பாடும் பழைய வெல்ஷ் கவிதை ஒன்றின் வரிகளை மொழிபெயர்க்கச் செய்து, ஓசைக்கு ஏற்றபடி அடுக்கினார். படத்தைத் திட்டியவர்களும் இந்த இசையைத் திட்டியதில்லை.

கோபம் படைப்பாகவும் மாறியது. 2000 முடிந்து அடுத்த வருடம் தொடங்கிய சமயத்தில், தொழில்முறைப் படத்தொகுப்பாளர் ஒருவர் தன் வீட்டிலேயே படத்தை ஏறக்குறைய இருபது நிமிடம் குறைத்து, ஜார் ஜாரின் சேட்டைகளை வெட்டி ஒரு பதிப்பு தயாரித்தார். அது கேசட் கேசட்டாகக் கைமாறியது. 2009 டிசம்பரில் யூடியூபில் வந்த எழுபது நிமிட விமர்சனம் ஒன்று இன்னும் ஆழமாகக் குத்தியது. அதில் ஒரு சோதனை: தோற்றம், உடை, வேலை எதையும் சொல்லாமல் ஒரு பாத்திரத்தை வர்ணியுங்கள். ஹான் சோலோவைப் பற்றிக் கேட்டால் வார்த்தைகள் கொட்டுகின்றன. குவை-கானைப் பற்றிக் கேட்டால் திணறுகிறார்கள். நீளமான யூடியூப் சினிமா அலசல்கள் என்ற வகைக்கே இது ஒரு முன்னோடி.

லூகாஸ் தரப்பு வாதம் எப்போதும் ஒன்றுதான்: இவை பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான படங்கள், முன்பும் அப்படித்தான். குறைகளை மறைக்கப் போதாத வாதம் இது. ஆனாலும் காலம் அவருக்கு ஓரளவு துணை நின்றது. 1999-ல் எட்டு, பத்து வயதில் இருந்தவர்களுக்கு ஒப்பிட எந்தப் பழைய கற்பனையும் கிடையாது. அவர்களுக்கு இதுதான் முதல் ஸ்டார் வார்ஸ். பாட்ரேஸ் பந்தயத்தின் உறுமல்தான் அதன் சத்தம். அவர்கள் வளர்ந்து இணையத்தில் எழுத வந்தபோது பேச்சின் தொனி மாறியது. முன்கதை வசனங்கள் மீம்களாயின. கேலியாக ஆரம்பித்தது பாசமாக முடிந்தது. 2008-ல் தொடங்கிய குளோன் போர்கள் அனிமேஷன் தொடர், படங்கள் காட்டாமல் விட்ட ஓபி-வான், அனகின் நட்பைப் பொறுமையாகக் கட்டியது. 2023 மார்ச்சில் ‘மாண்டலோரியன்’ என்ற ஸ்டார் வார்ஸ் தொடரில் அகமது பெஸ்ட் இரண்டு ஒளிவாள்களோடு ஒரு ஜெடாயாக வந்து, அந்தத் தொடரின் குழந்தைப் பாத்திரத்தைக் காப்பாற்றியபோது, ரசிகர்கள் அவரைக் கொண்டாடினார்கள். 2024 மே மாதம் இருபத்தைந்தாம் ஆண்டுக்காக ‘ஃபாண்டம் மெனஸ்’ மறுபடி வந்தது. முதல் வார இறுதியில் வட அமெரிக்காவில் எண்பது லட்சம் டாலருக்கு மேல் வசூலித்து இரண்டாம் இடம் பிடித்தது.

எந்த வரிசையில் பார்ப்பது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். கதைக்காலப்படி இதுதான் முதல் என்பதால் இதிலிருந்து தொடங்கச் சொல்கிறவர்கள் உண்டு. இதைத் தூக்கிவிட்டு மற்ற படங்களைப் பார்க்கச் சொல்லும் ஒரு வரிசையும் 2011-லிருந்து பிரபலம். இரண்டையும் நான் ஏற்கமாட்டேன். 1977, 1980, 1983 படங்களை முதலில் பார்த்துவிட்டு இதற்கு வரவேண்டும். வணிக வழிகளுக்கு வரி என்று தொடங்கும் சலிப்பான அரசியலுக்கு அப்போதுதான் பொருள் கிடைக்கும். பால்படீன் என்ற புன்னகை மாறாத செனட்டர், தன் சொந்தக் கிரகத்தின் மேலேயே படையெடுப்பை ஏவி, அந்தக் கிரகத்தின் ராணியின் வாயாலேயே பழைய தலைவரைக் கவிழ்க்கிறார். செனட் அவரைப் பதவியில் உட்கார வைக்கிறது. அந்த முகத்தை 1983 படத்தில் முக்காட்டுக்குள் பார்த்தவருக்குத்தான் அவர் சிறுவன் அனகினின் தோளைத் தட்டி, உன்னைக் கவனித்துக்கொண்டே இருப்பேன் என்று சொல்லும் இடம் முதுகைச் சில்லிட வைக்கும். கடைசி வெற்றி ஊர்வலத்தில் குழந்தைகள் குதூகலமாகப் பாடும் மெட்டையும் அந்தப் பார்வையாளரே கவனிப்பார். அது, பின்னாளில் பேரரசனாகும் இதே பால்படீனின் இருண்ட மெட்டு. சுருதி மாற்றி, வேகம் கூட்டி, கொண்டாட்டப் பாட்டாக்கியிருக்கிறார் வில்லியம்ஸ்.